துக்க வீட்டுப் பலகாரம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் தட்டு வந்தது. அதிரசம், முறுக்கு, நடுவில் ஒரு கிண்ணம் பாயசம். எதிர் ஃபிளாட் ஜோதிமணி காலிங் பெல்லை அழுத்தவில்லை. கதவை விரல் நகத்தால் லேசாகச் சுரண்டினாள்.

"துக்க வீட்ல எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. தலைதிவசம் முடியிற வரைக்கும் நாங்கதான் குடுக்கணும். பிடி."

அகிலா தட்டை வாங்கிக்கொண்டாள். ஜோதிமணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

துபாய் கராமாவின் அந்தக் கட்டடத்தில் மூன்று தமிழ்க் குடும்பங்கள். தீபாவளிக்கு எல்லாரும் ஒரு வீட்டில் கூடிச் சாப்பிடுவார்கள். 2009-இல் அகிலாவின் முறை. கரூரில் மாமனார் தவறிவிட்டார் என்று போன மாதம் அவள் சொன்னதும், ஜோதிமணியே விருந்தைத் தன் வீட்டுக்கு மாற்றிக்கொண்டாள். கணவன் அன்பரசன் வேலை பார்த்த கட்டட சைட்டை இழுத்து மூடிவிட்டார்கள், சம்பளம் இல்லை என்பதை மட்டும் அகிலா இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

சோபாவிலிருந்து அன்பரசன் எழுந்து நின்றான். ஜோதிமணி அவனை உற்றுப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, நீங்கதானே மூத்த பிள்ளை? மீசையக்கூட எடுக்கலையே?"

"ஊர்ல தம்பி எடுத்துட்டான்க்கா. எனக்கு லீவு கிடைக்கல."

"நல்லாருக்கே! அப்பாவுக்கு மீசை எடுக்கறதுக்கும் லீவு கேக்கணுமாக்கும்." சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மனசுல வெச்சுக்காதீங்க. எனக்கு வாய் சரியில்ல."

அன்பரசன் மீசையைத் தடவியபடி பால்கனிப் பக்கம் போனான்.

மேல்மாடி ஜோஸ்மி நைட் டூட்டி முடித்த உடுப்போடு வந்தாள். கையில் ஒரு பிளம் கேக்.

"நேத்து வெள்ளிக்கிழமைப் பூசையில கரூர் மாமா பேரைக் குடுத்து வாசிக்க வெச்சேன் அகிலா. ராமையாதானே? ஃபாதர் நிறுத்தி நல்லா வாசிச்சாரு."

அகிலா தலையாட்டினாள். காது வரை சுட்டது.

ஜோதிமணி தோளில் கிடந்த பையைத் திறந்தாள். ஊதாப் பட்டுப் பாவாடை ஒன்று, சின்ன வேட்டி சட்டை ஒன்று.

"சத்வா டெய்லர்கிட்ட என் பொண்ணுக்குக் குடுத்தப்பவே யாழினிக்கும் கவினுக்கும் தைக்கச் சொல்லிட்டேன். துக்கம் பெரியவங்களுக்குத்தான். பிள்ளைங்களுக்கு என்ன?"

"வேணாம்க்கா..."

"நீ சும்மா இரு. உனக்கா குடுக்கறேன்?"

யாழினி பாவாடையோடு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் அண்ணன் கவின் இரண்டு கையிலும் அதிரசம் வைத்திருந்தான். "மா, திஸ் இஸ் த பெஸ்ட் தீபாவளி!"

அகிலாவுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடியும் அடங்கவில்லை.

ஜோதிமணி அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். "அழுதுடும்மா. இத்தனை நாளா நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையேன்னு நானும் ஜோஸ்மியும் பயந்துட்டோம்."

"அக்கா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஒண்ணும் சொல்ல வேணாம். எல்லாம் எங்களுக்குத் தெரியும்."

"இல்லக்கா, உங்களுக்குத் தெரியாது..."

டெலிபோன் மணி அடித்தது. பால்கனியிலிருந்து அன்பரசன் ஓடி வருவதற்குள் யாழினி எடுத்துவிட்டாள். காதில் வைத்துக் கேட்டவள் கண்கள் விரிந்தன.

"கரூர் தாத்தா! சாமி வீட்ல போன் இருக்கா?"