திராட்சைக் கொத்துச் சட்டம்

"அம்மா, இதுவும் வேண்டாமா?"

கடைக்காரர் குரலைக் கஷ்டப்பட்டு அடக்கினார். படங்களுக்குச் சட்டம் போட்டே தலை நரைத்தவர். இப்படி ஒரு ஆளை அவர் பார்த்ததில்லை.

மேஜையில் கிடந்த படத்தில் ஆளும் இல்லை, மரமும் இல்லை. நீலத்தில் ஒரு இழுப்பு, அதைக் கிழித்துக்கொண்டு மஞ்சளில் ஒரு தெறிப்பு, அவ்வளவுதான். ஆனால் மெல்லிய கறுப்புச் சட்டத்தின் மாதிரித் துண்டை மூலையில் வைத்ததும் அதற்கு உயிர் வந்துவிட்டது.

"அடேயப்பா, என்ன பொருத்தம்!" என்றாள் வந்த பெண். "வேண்டாம், எடுத்துடுங்க அண்ணே."

"பொருத்தமா இருந்தா எதுக்கும்மா எடுக்கணும்?"

"என் வீட்டுக்காரர் இதை ஹால்ல மாட்டணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். இப்ப இங்க வந்துடுவார். அவர் கண்ணுக்குப் பிடிச்சா ஹாலு, பிடிக்கலைன்னா பரணு. அவர் ரசனையே தனி."

கடைக்காரர் வெள்ளைச் சட்டத்தை வைத்தார். "நல்லாத்தான் இருக்கு. வேண்டாம்." தேக்குக்கு, "ஐயோ, அழகு!" என்று கன்னத்தில் கை வைத்தாள். அதையும் தள்ளிவிட்டாள்.

அவருடைய டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் தன்னையே சட்டத்துக்குள் வைத்து ஆணி அடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தார்.

வந்த எரிச்சலில், மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்றை இழுத்தார். தங்கப் பூச்சு, நாலு பக்கமும் திராட்சைக் கொத்து. எவனும் சீண்டாத சட்டம். படத்தின்மேல் தொப்பென்று வைத்தார். நீலமும் மஞ்சளும் மூச்சுத் திணறின.

"ஆங், இதுதான்!" அவள் முகம் மலர்ந்தது.

"இது படத்தையே கொன்னுடும்மா."

"பரவாயில்ல, அடிங்க ஆணியை!"

அடித்து முடிக்கவும் கணவர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. படத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். போச்சு, பரண்தான் என்று கடைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இதை வரைஞ்சது என் மொத சம்சாரம்ங்க. திராட்சைக் கொத்து ஃபிரேம்தான் போடணும்னு சாகிற வரைக்கும் கெஞ்சினா. நல்லாயிருக்காதுன்னு நான்தான் தட்டிக்கழிச்சேன்" என்ற கணவர், மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "உனக்கு எவ்வளவு பெரிய மனசும்மா! ஹால்ல எதுக்கு? நம்ம கட்டிலுக்கு எதிர்லயே மாட்டிடுவோம்."