தனி வரியில் ஒரு புள்ளி

மதியம் மூன்று நாற்பதுக்கு மெயில் சர்வர் உயிர் பெற்றது.

சரிசெய்த பின் கையாலேயே ஒரு கடிதம் தட்டி அனுப்பிப் பார்க்க வேண்டும். அது அவன் வேலை.

கறுப்புத் திரை. சர்வருக்குப் புரிகிற சொற்கள் கொஞ்சம்தான். முதலில் வணக்கம். பிறகு, யாரிடமிருந்து. பிறகு, யாருக்கு.

யாருக்கு என்ற இடத்தில் எப்போதும் தன் முகவரியையே தட்டுவான்.

இன்று மனைவியின் முகவரியைத் தட்டினான்.

ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனவள். தை பிறந்துவிட்டது.

சரி, என்றது சர்வர். எழுது.

‘கோகிலா, வீட்டைக் காலி செய்கிறேன். வெள்ளிக்கிழமை சாவியை ஓனரிடம் கொடுத்துவிடுவேன்.’

அடுத்த வரி மனதில் வரவில்லை.

சண்டை போட்ட நாட்களில் அவள் போனில் வெறும் புள்ளி ஒன்றை அனுப்புவாள். கோபம் போகவில்லை, ஆனாலும் பேசு என்று அர்த்தம். அவனும் அனுப்புவான். ஆடிக்குப் பின் அதுவும் நின்றுபோயிருந்தது.

அடுத்த வரியில் ஒரு புள்ளி வைத்தான். என்டர் தட்டினான்.

இப்போது வந்தது. விசைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் தட்டினான்.

‘நீ வருகிறாய் என்றால் கொடுக்க மாட்டேன்.’

‘உன் அப்பாவை அப்படிப் பேசியது தப்பு.’

‘வந்துவிடு.’

பக்கத்து இருக்கையிலிருந்து சம்பத் எட்டிப் பார்த்தான்.

“என்னங்ண்ணா, சர்வரும் உங்க பேச்சக் கேக்கறதில்லீங்களா?”

நிமிர்ந்தான்.

ஒவ்வொரு வரிக்குக் கீழும் ஒரே பதில்.

புரியாத கட்டளை.

புரியாத கட்டளை.

புரியாத கட்டளை.

அவற்றுக்கெல்லாம் மேலே, புள்ளிக்கு அடுத்து: கடிதம் ஏற்கப்பட்டது.

ஒரு வரியில் புள்ளி மட்டும் இருந்தால், கடிதம் அதோடு முடிந்தது என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். புள்ளியையே அனுப்ப வேண்டுமானால் இரண்டு வைக்க வேண்டும். சம்பத் வேலைக்குச் சேர்ந்த அன்று அதை அவன்தான் சொல்லிக்கொடுத்தான்.

போனதைத் திரும்ப அழைக்க அந்த மொழியில் சொல் கிடையாது.

போன் அடித்தது. திரையில் அவள் பெயர்.

எடுத்தான்.

“மெயில் பாத்தனுங்க. சாவியக் குடுத்துருங்க.”

அவள் பக்கம் ஒரு குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

“அவ்வளவுதானுங்களே?”