பஞ்சுக்கு அடுத்தது ஊசி

ஊரடங்கில் நரம்பு டாக்டரின் கிளினிக், அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரை நிஜார், வெறுங்கால். யார் பார்க்கப் போகிறார்கள்?

அன்றைக்குக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு தையல்காரர். மூன்று வாரமாக இடது கால் மரத்துப்போய், மெஷினை மிதிக்க முடியவில்லை. டாக்டர் சொன்னபடி அவர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி பஞ்சும் கையுமாகக் கீழே உட்கார்ந்தாள்.

வலது பாதத்தைத் தொட்டாள்.

"தெரியுது" என்றார் தையல்காரர்.

இடது பாதத்தைத் தொட்டாள். அவர் வாயே திறக்கவில்லை. டாக்டரின் இடது உள்ளங்காலில் மெத்தென்று ஏதோ உரசியது. குனிந்து பார்த்தார். மேசைக்கடியில் ஒன்றுமில்லை.

"இன்னொரு தடவை தொடுங்கம்மா."

தொட்டாள். டாக்டருக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு பீறிட்டது.

"என் கால் போச்சேன்னு நான் உட்கார்ந்திருக்கேன், உங்களுக்குச் சிரிப்பா சார்?" என்ற தையல்காரரும் சிரித்துவிட்டார்.

"கால் எங்கேயும் போகல. பத்திரமாத்தான் இருக்கு."

"பஞ்சு தெரியலேன்னா அடுத்தது ஊசின்னு சொன்னீங்களே டாக்டர்?" மனைவி ஊசியைத் தயாராக வைத்திருந்தாள்.

குத்திப் பார்க்காமல் நோயைச் சொல்ல முடியாது. டாக்டர் தன் இடது காலைத் தூக்கி மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"குத்துங்கம்மா" என்றார். "கொஞ்சம் பார்த்து."