பேர் சொல்லி வாங்கிய மருந்து

“புருசன் பேரைச் சொன்னாத்தான் பாட்டில் கைக்கு வரும், யக்கா.”

டிஸ்பென்சரி ஜன்னலுக்குள் இருந்து கம்பவுண்டர் ஞானராஜ் சொன்னான். வெளியே சாரலில் நின்ற லூர்து மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கோலியாத்தைக் கல்லால அடிச்சாருல்லா, அவரு பேருதான். நீயே சொல்லிக்கோயேன்.”

“நான் சொல்லி நீங்க தலையாட்டப்பிடாது. நீங்கதான் சொல்லணும். டாக்டர் உத்தரவு.”

“கட்டினவுக பேரைச் சொன்னா அவுக ஆயுசு குறைஞ்சிரும்லா.”

“மருந்து மாறினா அதைவிடச் சீக்கிரம் குறையும்.”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். லூர்து மேரி ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, “தாவீது” என்று வெறும் காற்றாகச் சொல்லிவிட்டு, பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

அறுபத்துமூன்றாம் வருஷத்து மழைக்காலம். ஞானராஜ் தாராவிக்கு வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்தக் கூத்து பழகிவிட்டது. பம்பாய்க்கு வந்து இந்தி பேசி, ஓடுகிற பஸ்ஸில் ஏறக் கற்றுக்கொண்ட பெண்கள்தான். புருஷன் பேர் மட்டும் வாயில் வராது. அவனுக்கு முன்னால் இருந்த பூலோகம், தானே பேரைச் சொல்லிப் பாட்டிலை நீட்டுவானாம். பெண்கள் தலையை ஆட்டி வாங்கிப் போவார்களாம். ஒரு நாள் கூட்ட நெரிசலில் பாட்டில் மாறி, மேலுக்குப் பூசுகிற தைலம் யாரோ ஒருவர் வயிற்றுக்குள் போய்விட்டது. பூலோகம் வேலையை விட்டான். இந்தச் சட்டம் வந்தது. அதற்கு மேல் டாக்டர் அனந்தநாராயணன் எதுவும் சொன்னதில்லை.

“பெரியநாயகம்.”

குரல் சத்தமாக, தெளிவாக வந்தது. கனகவள்ளி. தினமும் இந்த நேரத்துக்கு வருகிறவள். நெற்றி நிறையக் குங்குமம், தலை நிறையப் பூ. இவளிடம் மட்டும் பேர் கேட்கவே வேண்டாம்.

“இப்படில்லா சொல்லணும். இவங்களைப் பாத்துப் படிங்க” என்றான் ஞானராஜ்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வரிசை விலகி அவளுக்கு வழி விட்டது. வாசல்வரை போயிருந்த லூர்து மேரி நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். கூசாமல் பேர் சொல்கிறாள் என்று ஒதுக்கிவைக்கிறார்கள் போலிருக்கிறது. ஞானராஜுக்கு எரிச்சலாக வந்தது.

பெரியநாயகத்தின் மருந்தை மட்டும் டாக்டர் தன் கையாலேயே கலந்து தனியாக வைப்பார். சிவப்பு மிக்ஸ்சர். பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டிய காகிதத்தில் வேளைக்கு ஒரு கோடு. அதை எடுத்தபடியே ஞானராஜ் கேட்டான்.

“எப்படி இருக்காவ?”

“இருமல் நின்னுட்டு தம்பி. சத்தமே இல்ல.”

“சாப்பிடுதாவளா?”

“ஒண்ணும் கேக்கதில்ல.”

“பேச்சு?”

“நான்தான் பேசுதேன். அவுகளுக்கு எந்நேரமும் தூக்கந்தான்.”

ஞானராஜ் தக்கையை எடுத்து மோந்து பார்த்தான். மருந்து வாடையே இல்லை. ஒரு சொட்டு நாக்கில் வைத்தான். வெறும் சர்க்கரைத் தண்ணீர்.

பாட்டிலைக் கொடுத்துவிட்டு நேராக டாக்டரிடம் போனான்.

“சார், பெரியநாயகம் கேஸ் சரியில்ல. பேச்சு இல்ல, சாப்பாடு இல்ல. நீங்க ஒரு நடை போய்ப் பாத்தா நல்லது.”

டாக்டர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “அவ வந்து கேட்டா குடுத்துடு. வேற ஒண்ணும் கேக்காதே.”

“அந்தப் பாட்டில்ல மருந்தே இல்லியே சார்.”

“போப்பா. வெளியில ஜனங்க நிக்கறா.”

ஞானராஜுக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மனிதன் சாகக் கிடக்கிறான். மருந்து என்று சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து அவன் பெண்டாட்டியை ஏமாற்றுகிறார்கள். இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் ஒருவேளை பிழைப்பான். வேலை போனால் போகட்டும் என்று குடையை எடுத்துக்கொண்டு ஓடினான்.

கனகவள்ளி தூரத்தில் போய்க்கொண்டிருந்தாள். சால் எனப்படும் வரிசை வீடுகளுக்கு நடுவே திரும்புவாள் என்று நினைத்தான். திரும்பவில்லை. தோல் கிடங்குகளைத் தாண்டினாள். தோல் ஊறும் சுண்ணாம்பு நாற்றம் பின்தங்கியது, வீடுகளும் முடிந்துபோயின.

“யக்கா, வீடு எங்க இருக்கு?”

அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஒரு கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஞானராஜும் நுழைந்தான். மழையில் ஊறிய மண்மேடுகள். அதில் ஒரு மேட்டைச் சுற்றி, வேலி கட்டியதுபோலக் காலிப் பாட்டில்கள் நட்டுவைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் கோடு போட்ட அதே காகிதம்.

கனகவள்ளி மேட்டருகே குந்தி உட்கார்ந்தாள். தக்கையைக் கழற்றி, முதல் கோடு வரைக்கும் அளந்து மண்ணில் ஊற்றினாள்.

“பயப்படாமக் குடிங்க. அன்னைக்கு மாதிரி தலையாட்டி வாங்கல, பேரைச் சொல்லித்தான் வாங்கியாந்தேன்.”