மாவுக்கட்டு

டாக்டரம்மா கையை நீட்டியதுமே அந்தப் பெண் "ஆ" என்று அலறினாள்.

"இன்னும் தொடவே இல்லையேம்மா. என் மூஞ்சியப் பாத்தே வலி வந்துடுச்சா? எங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொல்றாரு."

பெண் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பேட்மிண்டன் கோச்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்தார். அந்தப் பதினாலு வயதுப் பெண்ணின் பிடரியில் அவர் கை சாவகாசமாகக் கிடந்தது, சொந்த வீட்டு நாற்காலியின் முதுகில் கிடப்பதைப் போல.

எப்போது அடிபட்டது என்று டாக்டரம்மா பெண்ணிடம் கேட்டார். கோச் பதில் சொன்னார். எந்த இடத்தில் வலி என்றதற்கும் கோச். சாப்பிட்டாயா என்றதற்குக்கூட, அவள் சாப்பாடெல்லாம் தன் பொறுப்பு என்று அவரே முந்திக்கொண்டார். கட்டுப் போட வேண்டியது காலுக்கா, இந்த வாய்க்கா என்று எலும்பு டாக்டருக்கே குழப்பமாகிவிட்டது.

அம்மா வரவில்லையா என்று கேட்டுப் பார்த்தார்.

அதற்குக் கோச் பெரிய விளக்கமே கொடுத்தார். அம்மாவுக்கு விளையாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பார்க்க வந்தால் பிள்ளை சொதப்பிவிடுகிறாள். அதனால் பயிற்சிப் பக்கமே வர வேண்டாம் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். கவனம் சிதறக் கூடாதென்று அவள் போனும் அவரிடம்தான். மற்ற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இவளுக்கு மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார். "இவளுக்கு எல்லாமே நான்தான் மேடம். அவளையே கேளுங்க."

பெண் தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினாள்.

சீழும் ரத்தமும் பார்த்துப் பழகிய டாக்டரம்மா, அழுகிப்போன கால்விரலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மத்தியானம் என்ன சமையல் என்று போனில் விசாரிப்பவர். குமட்டல் என்ற ஒன்று தன்னைவிட்டு எப்போதோ போய்விட்டது என்று நினைத்திருந்தார். அது இப்போது அடிவயிற்றிலிருந்து எழுந்து வந்து, சௌக்கியமா என்று கேட்டது.

கோச் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு வெளியூர்ல போட்டி மேடம். நாங்க ரெண்டு பேர் மட்டும் போறோம், ரெண்டு நாள் தங்கணும். ஒரு ஊசியப் போட்டு அனுப்பிடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

டாக்டரம்மா எழுந்து பெண்ணின் முழங்காலை மடக்கினார், நீட்டினார், இப்படியும் அப்படியும் அசைத்தார். "கடக்" என்று ஒரு சத்தம் கேட்டது. அது டாக்டரம்மாவின் முழங்கால். ஆனாலும் அவர் முகம் கறுத்துவிட்டது.

"தசைநார் கிழிஞ்சிருக்கு சார்."

எக்ஸ்ரேகூட எடுக்கவில்லையே என்று கோச் மடக்கினார். தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது என்றார் டாக்டரம்மா. இந்தக் காலோடு ஆடவிட்டால் பிறகு நடப்பதே சிரமம்; அப்படியும் கூட்டிப்போவதென்றால் தாராளமாகப் போகலாம், டாக்டர் பேச்சை மீறித்தான் போகிறேன் என்று ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகலாம். கையெழுத்து என்றதும் கோச்சுக்கு விரல் வலி வந்திருக்க வேண்டும். பேனாவைத் தொடவில்லை.

அந்தக் கோபம் பெண்ணின் மேல் திரும்பியது. "உனக்காக என் குடும்பத்தையே கவனிக்காம அலைஞ்சேன். நல்லா செஞ்சுட்ட." அவள் உதடு துடிப்பதைப் பார்த்ததும் அதே குரலில் வெல்லம் ஊறியது. "சரி, அழாத. உன்மேல நான் கோவப்படுவேனா?" கை மறுபடியும் பிடரிக்குப் போனது. பெண்ணின் தோள்கள் காதுவரை ஏறின. திட்டியதைவிட இந்த வெல்லம்தான் டாக்டரம்மாவுக்கு அதிகம் குமட்டியது.

தொடையிலிருந்து கணுக்கால்வரை பெரிய மாவுக்கட்டாகவே போட்டார். ஈரமாவு கோச்சின் வெள்ளை ஷூவில் தெறித்தது. ஒரு தடவை தெறித்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். மூன்று தடவை தெறித்தது. கோச் நகர்ந்து சுவரோரமாகப் போய் நின்றார். பிடரி காலியானது.

கட்டுப் போட்டு முடிந்ததும், அவளைத் தானே காரில் வீட்டில் விட்டுவிடுவதாகக் கோச் சொன்னார்.

"கட்டு காய ராத்திரி ஆயிடும் சார், அதுவரைக்கும் அசையவே கூடாது. அசைஞ்சா திரும்ப முதல்லேருந்து போடணும், அப்புறம் உங்க ஷூவுக்கு நான் பொறுப்பில்ல. அவ போனை மட்டும் குடுத்துட்டுப் போங்க."

கோச் போனை மேசையில் வைத்தார், தன் சொத்தில் பங்கு கொடுப்பவர் மாதிரி. வாசல்வரை போனவர் திரும்பி, "நான் அப்புறமா கூப்பிடறேன், எடு" என்று பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டரம்மா ஜன்னலில் நின்று, கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்தார். அந்த ஆள் திரும்பி வந்தால் உள்ளே விடக் கூடாது என்று வாசலில் சீட்டு எழுதும் நர்ஸிடம் சொன்னார். பிறகு கையைக் கழுவினார். மாவெல்லாம் போன பிறகும் கழுவினார். பெண்ணின் போனிலிருந்தே அவள் அம்மாவைக் கூப்பிட்டு, பதறாமல், ஆனால் உடனே வரச் சொன்னார். வேறு யாருக்கும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், முக்கியமாகக் கோச்சுக்கு, என்றார்.

பெண் மாவுக்கட்டை விரலால் தட்டிப் பார்த்தாள். வந்ததிலிருந்து அந்த ஒரு "ஆ"வைத் தவிர வாய் திறக்காதவள், இப்போது மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டர், நிஜமாவே கிழிஞ்சிருக்கா?"

பரீட்சையில் பாஸா என்று கேட்கிற குரல். டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"இல்ல கண்ணு. உன்ன மாதிரியே நானும் நடிச்சேன்."