தவக்காலத்தில் புகையிலை

பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயில் சாமியார் முன்னால் ரயில்வே பிட்டர் ஸ்டானிஸ்லாஸ் கைகட்டி நின்றான்.

"சாமி, தவக்காலம் முடியிறவரைக்கும் போயிலை தொடறதில்லன்னு எங்க வீட்டுல நேர்ந்து பதினெட்டு நாளாச்சு. இனிமே தாங்காது. நீங்கதான் விலக்குக் கொடுக்கணும்."

"ஏன், என்ன செய்யுது?"

"தலைவலி, தூக்கமில்ல, தொட்டதுக்கெல்லாம் கோபம். நேத்து குழம்புல உப்பு தூக்கல்னு பேச்சு வந்துச்சு. சட்டியே பறந்துடுச்சு, சாமி!"

சாமியாருக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆம்பளைக்கு இவ்வளவுதான் மனக்கட்டுப்பாடா? வெக்கமாயில்ல?"

ஸ்டானிஸ்லாஸ் முடியை விலக்கி, எலுமிச்சம்பழம்போல் புடைத்திருந்த மண்டையைக் காட்டினான்.

"நான் சுருட்டுகூடப் பிடிக்கமாட்டேன், சாமி. நேர்ந்துகிட்டது என் பொண்டாட்டி டொரத்தி. இதோ, வாசல்ல நிக்கிறா."

சாமியார் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். குரல் தானாகத் தணிந்தது.

"விலக்கு கொடுத்தாச்சு. பின்வாசல் வழியா ஓடிப்போய்ப் போயிலை வாங்கிட்டு வா. அதுவரைக்கும் அவ உள்ளே வராம நான் முன்கதவைத் தாழ்போட்டு வைக்கிறேன்."