ஜெபப் பந்து

ஆட்டம் தொடங்குமுன் மிஷன் அணிப் பெண்கள் மைதானத்தில் வட்டமாக நின்று ஜெபப் பந்தை எறிந்து பிடிப்பார்கள். பந்தின் ஒவ்வொரு கட்டத்திலும் சுவிசேஷமே கேட்டிராத ஓர் இனத்தின் பெயர் அச்சிட்டிருக்கும். பிடிக்கிறவள் தன் கட்டைவிரல் படும் பெயருக்காகக் கண்ணீரோடு ஜெபிக்க வேண்டும். அன்று கோல்கீப்பர் சலோமி பிடித்தாள். விரலுக்குக் கீழே அவளுடைய சொந்தச் சனத்தின் பெயர் இருந்தது.

“அண்ணே, இதுல எங்க பேரு எதுக்கு?”

கோச் எபனேசர் மூடிய கண்ணைத் திறக்கவில்லை. “ஆபீஸ்ல குடுத்த லிஸ்டும்மா. ஜெபி.”

“எங்க தாத்தா காலத்துலயே ஞானஸ்நானம் எடுத்தாச்சு. எங்கப்பா உபதேசியாரா இருந்து செத்தாரு. அடக்கத்துக்கு வந்து நீங்கதான பாட்டுப் பாடுனீங்க?”

“பாடுனேன்தான். ஆனா வெளிநாட்டுல எத்தன பேரு அந்தப் பேரச் சொல்லி அழுது ஜெபிக்கிறாங்க தெரியுமா? எடுத்துட்டா மனசு கஷ்டப்படுவாங்கம்மா. நீ கண்ண மூடு.”

சலோமி மூடவில்லை. பந்தை அவருக்கு நேராகத் தரையில் வைத்தாள். பெயர் மேலே தெரியும்படி திருப்பிவிட்டு, உதைக்கப் போகிறவளைப் போல நாலடி பின்னால் போனாள். வட்டம் முழுக்கக் கண்ணை மூடியபடி, ஆமென் சொல்லக் காத்திருந்தது.